திருகோணமலை வெக்கையில் எச்செவேரியா

எச்செவேரியா மெக்சிகோ மலைநாட்டுச் செடி; தடித்த, சதைப்பற்றுள்ள இலைகள் பூப்போல அடுக்காக இருக்கும். பகல் வெயிலைவிட நம்மூர் இரவுப் புழுக்கம்தான் அதை வாட்டும். புதிதாக வளர்ப்பவர்கள் அதன் உறவுச் செடியான, வெக்கையை இன்னும் தாங்கும் கிராப்டோபெட்டலத்தில் தொடங்கலாம்.

மண்கலவைக்கு: கழுவிய ஆற்றுமணல் 2 பங்கு, உடைத்த செங்கல் 1, கூட்டெரு 1. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு வேரைக் கருக்கும். துளையுள்ள மண்சாடி நல்லது.

2 அங்குலம் ஈர்க்குக் குத்திப் பாருங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் இலையடுக்கின் நடுவில் படாமல். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை போதும். ஐப்பசி முதல் மாரி ஓயும்வரை சாடி கூரைக்குள்ளேயே இருக்கட்டும்.

அடியிலை சருகானால் கவலையில்லை. மஞ்சளாகி, நீர்கோத்துக் கழன்றால் அழுகல்: கறுப்பில்லாத தண்டு தெரியும்வரை மேலேற வெட்டி, 4 நாள் நிழலில் காயவிட்டு, காய்ந்த கலவையில் நடுங்கள். தண்டு நீண்டு இலைகள் விலகினால் வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் விழும் விறாந்தைக்கு மாற்றுங்கள்.