உடன் பணிபுரிபவர்களிடையே களப்பணி: தொடங்குபவர்களுக்கு

நீங்கள் வேலை செய்யும் இடத்தையே ஆய்வு செய்யப் போகிறீர்கள். சக ஊழியர்களிடமும், அங்கே உதவி தேடி வரும் எளிய மக்களிடமும் பேச வேண்டும். உள்ளே நுழைவது உங்களுக்குச் சுலபம், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் உங்களை ஆய்வாளராக நினைத்துப் பேசுவதில்லை. தெரிந்தவர் என்று நம்பிப் பேசுகிறார்.

1. ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் நிர்வாகத்தின் கடிதத்தையும் முதலில் வாங்குங்கள்.

2. நிர்வாகம் தந்த அனுமதி ஊழியரின் சம்மதம் ஆகாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும், 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை, சம்மதத்துக்குத் தகவல், புரிதல், தன்விருப்பம் மூன்றும் வேண்டும் என்கிறது. நமக்குச் சறுக்குவது மூன்றாவதில். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரும், யாருடைய விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்களோ அவரும் உங்களிடம் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். அவர்களைத் தவிர்த்துவிடுங்கள், இயலாவிட்டால் உங்களோடு அதிகாரத் தொடர்பில்லாத ஒருவர் கேட்கட்டும். யார் மறுத்தார்கள் என்பது மேலதிகாரி காதுக்குப் போகவே கூடாது.

3. இடைவேளைப் பேச்சில் அருமையான தகவல் வந்து விழும். “இதை ஆய்வுக்குக் குறித்துக்கொள்ளலாமா?” என்று அப்போதே கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள்.

4. நேர்காணலில் “அதான் உங்களுக்கே தெரியுமே” என்பார்கள். தலையாட்டிவிட்டால் பதிவில் ஒன்றும் இருக்காது. “நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். துயரத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். தொடர்வதா, இன்னொரு நாளா, இத்தோடு போதுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவரை யாரிடம் அனுப்பலாம் என்ற விவரம் முன்பே உங்கள் கையில் இருக்கட்டும். உங்களால் முடியாத உதவியை வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. அன்றன்றே குறிப்பெழுதுங்கள்: பார்த்ததும் கேட்டதும் ஒரு பக்கம், உங்களுக்குத் தோன்றியது மறுபக்கம்.

6. பெயரை மாற்றினால் வெளியாருக்குத் தெரியாது; பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிந்துவிடும். பத்துப் பேர் உள்ள பிரிவில் ‘இரவுப் பணியிலுள்ள ஒரே பெண்’ என்று எழுதினால் பெயரையே எழுதிய மாதிரிதான். சமூகவியலாளர் மார்ட்டின் டாலிச் 2004-இல் இந்த உள்வட்ட ரகசியத்தை, அதாவது சொன்னவர் யார் என்பது அவரோடு பழகுபவர்களுக்கும் தெரியாமல் காப்பதைப் பற்றித் தனியாகவே எழுதினார். நான் இதைத்தான் மிகக் கடினமான படி என்பேன். பொறுப்பையும் பணிநேரத்தையும் பொதுவாக்குங்கள், இரண்டு பேர் சொன்னதைத் தொகுத்துச் சொல்லுங்கள். மேற்கோள்களை அச்சுக்கு முன் சொன்னவரிடமே காட்டுங்கள். அவர் தயங்கினால், கட்டுரையின் உயிரே அந்த வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.