கிரைண்டர் விமர்சனத்துக்கு ஒரு சொந்தத் தளம்: வேர்ட்பிரஸில் அஃபிலியேட் வலைத்தளம் அமைப்பது எப்படி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அமேசான் அஃபிலியேட் கணக்கை இன்றே திறக்காதீர்கள். புதிதாக வரும் பலர் செய்வது அதைத்தான். கணக்கு திறந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் உங்கள் லிங்க் வழியாகக் குறைந்தது மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். தளமே இல்லாமல் கணக்கைத் திறந்தால், டொமைன் பெயர் (தளத்தின் முகவரி) யோசிப்பதிலேயே இரண்டு மாதம் போய்விடும். நான் முதல் கணக்கை இழந்தது இப்படித்தான். அதனால் இந்த விளக்கத்தில் அமேசான் கடைசிப் பக்கம்தான் வரும்.

அஃபிலியேட் என்றால் என்ன என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள், உங்கள் அடையாளம் ஒட்டிய லிங்க் கொடுக்கிறீர்கள், படித்தவர் அதைச் சொடுக்கிப்போய் வாங்கினால் உங்களுக்கு ஒரு கமிஷன். வாங்குபவருக்கு விலை கூடாது. அமேசான் இதை 1996 முதல் நடத்திவருகிறது.

எதைப் பற்றி எழுதுவது?

"எல்லாப் பொருள்களுக்கும் விமர்சனம்" என்று ஆரம்பித்தால் கூகுளில் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். ஒரே ஒரு பொருள் வகையை எடுங்கள், அதுவும் உங்கள் வீட்டில் இருப்பதாக இருக்கட்டும். இங்கே உதாரணத்துக்கு வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இட்லி மாவு அரைக்கும் வீடுகளுக்குத்தான் இந்தப் பொருள் வேண்டும், அந்த வீடுகளில் பலவற்றில் தமிழில் கேட்டால் பதில் சொல்வார்கள்.

ஒரு நோட்டில் கேள்விகளை எழுதுங்கள். நான்கு பேருக்கு ஒன்றரை லிட்டர் போதுமா, இரண்டு லிட்டர் வேண்டுமா? கூம்புக் கல்லா, உருளைக் கல்லா? சாய்த்து மாவு எடுப்பது நல்லதா, டேபிள் டாப் போதுமா? புது கிரைண்டரில் முதல் மாவை ஏன் கொட்டிவிடச் சொல்கிறார்கள்? கல்லைத் தூக்கிக் கழுவ அம்மாவால் முடியுமா? இருபது கேள்வி சேரவில்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு பாருங்கள். சேர்ந்துவிட்டதா, சரி, இனி பணம் செலவழிக்கலாம்.

டொமைனும் ஹோஸ்டிங்கும்

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, குழம்ப வேண்டாம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, அங்கே விதிகள் அவர்களுடையவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தருவது 2003இல் வெளிவந்த, வலைத்தளம் கட்ட உதவும் இலவச மென்பொருள். அதை நம் சொந்த இடத்தில் நிறுவிக்கொள்கிறோம். நமக்கு வேண்டியது இதுதான்.

டொமைன் சின்னதாக, வாயால் சொன்னால் எழுதத் தெரிவதாக இருக்கட்டும். எந்த பிராண்டின் பெயரும் அதில் வேண்டாம். அமேசான் என்ற சொல்லை டொமைனில் வைத்தால் அஃபிலியேட் விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடத்தில், ஆரம்பத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் ஒரே சர்வரைப் பகிர்வது) போதும். சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நம் ஊர் வாசகருக்குப் பக்கம் வேகமாகத் திறக்கும். விலையைப் பார்க்கும்போது முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் முதல் ஆண்டு மலிவு என்று போய், இரண்டாம் ஆண்டு மூன்று மடங்கு பில் வந்து விழித்திருக்கிறேன். டொமைனையும் அவர்களிடமே வாங்கியிருந்ததால் வெளியே வருவது இன்னும் இழுபறியானது. அன்றிலிருந்து டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் ஓரிடம்.

அப்படி வாங்கினால் ஒரு வேலை கூடுதல். ஹோஸ்டிங்காரர் அனுப்பும் மின்னஞ்சலில் இரண்டு நேம்சர்வர் முகவரி (டொமைன் எந்த ஹோஸ்டிங்குக்குப் போக வேண்டும் என்று சொல்வது) இருக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் உள்ளே போய், பழைய நேம்சர்வரை அழித்துவிட்டு இவற்றை ஒட்டுங்கள். சில மணி நேரத்தில் வேலை செய்யும், சிலசமயம் இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை எதையாவது மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

நிறுவுதல்

ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் சாஃப்டாகுலஸ் என்றோ, வேர்ட்பிரஸ் படத்துடனோ ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு படிவம் வரும். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) உள்ள முகவரியைத் தேர்ந்தெடுங்கள். பயனர் பெயர் 'அட்மின்' என்று இருந்தால் மாற்றுங்கள், கடவுச்சொல்லைத் துழாவும் ரோபோக்கள் முதலில் தட்டும் கதவு அது. உலாவி தளத்தைப் பாதுகாப்பற்றது என்று காட்டினால் அதே சிபேனலில் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழை (இணைப்பைப் பாதுகாப்பது) இயக்குங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டுக்குள் வந்ததும் மாதிரிப் பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் அழித்துவிடுங்கள். செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருந்தால் எடுங்கள். அதை மறந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "கூகுளில் வரவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முகவரியில் தமிழ் வேண்டாம்

ஆங்கில விளக்கங்களில் இது இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (பதிவு முகவரியின் வடிவம்) என்ற இடத்தில் 'போஸ்ட் நேம்' என்று வைக்கச் சொல்வார்கள். வையுங்கள், அது சரிதான். ஆனால் தலைப்பைத் தமிழில் தட்டினால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே எடுத்துக்கொள்ளும்.

உள்ளே அது தமிழாக இருப்பதில்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். 'கி' என்பதில் ககரமும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள், ஆக பதினெட்டு. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. "வெட் கிரைண்டர் வாங்கும் முன்" என்று தலைப்பு வைத்தால் முதல் மூன்று சொல்லுக்கே 191 போய்விடும், 'முன்' வெட்டுப்படும். அதை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பினால் பல நேரம் அரை திரைக்கு ஒரு கிறுக்கல் வரும். வைரஸ் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். என் சித்தியே தொடவில்லை.

ஆகவே ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் வலப்பக்கத்தில் ஸ்லக் (முகவரியின் கடைசிப் பகுதி) என்ற பெட்டியைத் திறந்து, மூன்று நான்கு ஆங்கிலச் சொல்லில் நீங்களே எழுதுங்கள். தலைப்பு தமிழில் இருக்கலாம், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில். வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள்.

தீமும் பிளகினும்

இதில் நேரம் கழிக்காதீர்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்கு ஜெனரேட்பிரஸ், ஆஸ்ட்ரா, கேடன்ஸ் ஆகிய மூன்றில் எதன் இலவசப் பதிப்பும் போதும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், வரிகளுக்கு இடையே கொஞ்சம் தாராளமான இடைவெளி. பிளகினில் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) எஸ்இஓவுக்கு (தேடலில் தளம் தெரிய) ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, கேஷுக்கு (பக்கம் வேகமாகத் திறக்க) ஒன்று, ஸ்பேமுக்கு ஒன்று. நான்கோடு நிறுத்துங்கள்.

அப்புறம் கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிடுங்கள். அது பத்து நிமிட வேலை.

பத்துப் பன்னிரண்டு பதிவு

நோட்டில் எழுதிய கேள்விகளை இப்போது எடுங்கள். ஒரு கேள்வி, ஒரு பதிவு. எல்லாவற்றிலும் லிங்க் வைக்கும் எண்ணம் வேண்டாம். "முதல் மாவை ஏன் கொட்ட வேண்டும்" என்ற பதிவில் விற்க ஒன்றும் இல்லை. புதுக் கல்லில் கல்தூள் இருக்கும், பழைய அரிசியை ஊறவைத்து அரைத்து வழித்துப் போட்டால் அது வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்தவர் உங்களை நம்பித்தான் "இரண்டு லிட்டரில் எது" என்ற பதிவுக்கு வருவார்.

அந்த ஒப்பீட்டுப் பதிவில் தயாரிப்பாளர் பக்கத்தில் இருக்கும் வாட்ஸையும் எடையையும் மட்டும் திருப்பிச் சொல்லாதீர்கள். அரை கிலோ உளுந்து பொங்க எத்தனை நிமிடம் ஆனது, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழுந்ததா, கழுவிய தண்ணீர் அடியில் எங்கே தேங்குகிறது என்று எழுதுங்கள். படத்தை உங்கள் போனிலேயே எடுங்கள், அமேசான் பக்கத்துப் படத்தைச் சேமித்து ஏற்றுவது அவர்கள் விதிக்கு விரோதம். அட்டவணை போட்டால் மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள், போனில் உடைந்துவிடும். பிடிக்காததையும் எழுதுங்கள்.

இப்போது அமேசான்

பத்துக்கு மேல் பதிவு சேர்ந்து, தினம் கொஞ்சம் பேராவது கூகுளிலிருந்து வர ஆரம்பித்ததும் அமேசான் அசோசியேட்ஸ் இந்தியாவில் விண்ணப்பியுங்கள். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். உங்களுக்கென ஓர் அடையாளம் தருவார்கள், இந்தியாவில் அது 21 என்ற எண்ணில் முடியும். உள்நுழைந்த நிலையில் அமேசானில் எந்தப் பொருளைத் திறந்தாலும் மேலே சைட்ஸ்ட்ரைப் என்ற பட்டை தெரியும், லிங்க் அங்கிருந்துதான். மூன்று விற்பனை நடந்த பிறகுதான் உங்கள் தளத்தைப் பார்த்து இறுதி முடிவு சொல்வார்கள்.

சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு, கிரைண்டருக்குப் பதிலாகச் செருப்பு வாங்கினாலும் பெரும்பாலும் உண்டு. உங்கள் லிங்கில் நீங்களே வாங்கினால் கணக்கில் வராது, வீட்டாரை வாங்கச் சொல்வதும் அப்படியே. லிங்கை மின்னஞ்சலில் அனுப்பும் முன் அவர்கள் விதியைப் பாருங்கள். விலையைப் பதிவில் கையால் எழுதாதீர்கள், அது மணிக்கு மணி மாறும், விதியும் அனுமதிக்காது. "இன்றைய விலையைப் பார்க்க" என்று எழுதினால் போதும்.

லிங்கில் ஸ்பான்சர்டு (காசு கிடைக்கும் லிங்க் என்று கூகுளுக்குச் சொல்வது) என்ற குறியையும் சேர்க்க வேண்டும், கூகுள் 2019இல் கொண்டுவந்தது. எஸ்இஓவுக்கான யோஸ்ட் பிளகின் இருந்தால் லிங்க் கொடுக்கும் பெட்டியிலேயே அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு.

பதிவின் தொடக்கத்திலேயே, லிங்க் வருவதற்கு முன், "இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று நேராக எழுதுங்கள். அமேசான் சொல்லித்தரும் அறிவிப்பு வாசகத்தையும் தளத்தில் வைக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகளும் இத்தகைய தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. இப்படி எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று எனக்கும் பயம் இருந்தது. எழுதிய பிறகு விற்பனை குறையவில்லை.

கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். 4,000 ரூபாய் கிரைண்டர், கமிஷன் 5 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 200 ரூபாய். உண்மை விகிதம் பொருள் வகைக்கு ஏற்ப மாறும், அவர்கள் அட்டவணையைப் பாருங்கள். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். பணம் கைக்கு வர மாத முடிவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். முதல் ஆண்டு ஹோஸ்டிங் செலவு திரும்பினாலே நல்ல ஆண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். வருகிற தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

அதற்கப்புறம் மாதம் ஒருநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா லிங்கையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். கிரைண்டர் மாடல்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும், "தற்போது கிடைக்கவில்லை" என்ற பக்கத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்போம். பேக்கப் கோப்பையும் அன்றைக்கே உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.