டீசல் வண்டிக்கு ஆயில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல் பக்கம் புதிதாக லாரி, டிப்பர் வாங்குகிறவர்கள் பட்டறைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த ஆயில் இருபதாயிரம் கிலோமீட்டர் தாங்குதாமே அண்ணே, அது பத்தாயிரத்துலயே போயிடுதாம். எதை ஊத்தலாம்?" தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் ஆயிலை இப்படித்தான் அளந்தோம். லெவல் பார்க்காமல் ஓட்டுவது, பழைய ஃபில்டரையே விட்டுவைப்பது எல்லாம் தவறு என்று எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை வைத்துத் தீர்ப்பு சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தெரிந்த ஓனர் ஒருவரிடம் ஒரே இன்ஜின் கொண்ட இரண்டு வண்டிகள். ஒன்று நெடுஞ்சாலையில் லோடு அடிக்கிறது, மற்றது கல்குவாரி டிப்பர். இரண்டிலும் 15டபிள்யூ-40 கிரேடு ஆயில்தான், கம்பெனி வேறு. லாரியில் 20,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில் நன்றாக இருந்தது. டிப்பரில் 10,000-லேயே கெட்டியாகிவிட்டது. உடனே டிப்பரில் ஊற்றியது மட்டமான ஆயில் என்று முடிவுகட்டி, லாரி ஆயிலையே அதற்கும் ஊற்றி, "இனி இருபதாயிரத்துக்கு மாத்தினா போதும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். இருபதாயிரம் ஆகும் முன்பே டிப்பரில் பேரிங் பிடித்து கிராங்க் போனது. சீசன் நேரத்தில் வண்டி படுத்துக்கொண்டது. அப்புறமும் அவர் திட்டியது ஆயிலைத்தான்!

கணக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகம் என்றால் 20,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடியது 400 மணி நேரம். குவாரியில் லோடுக்குக் காத்திருப்பது, மேடு ஏறுவது, தொட்டியைத் தூக்குவது எல்லாம் சேர்த்தால் சராசரி 10-ஐத் தாண்டாது. அங்கே 10,000 கிலோமீட்டர் என்பது 1,000 மணி நேரம். அவர் மட்டம் என்று ஒதுக்கிய ஆயில்தான் இரண்டரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது.

போர்வெல் போடும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்கள் மணிக்கணக்கில்தான் பேசுவார்கள். நின்ற இடத்திலேயே கம்ப்ரஸர் ஓடும் தொழிலில் கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை. டிப்பருக்கும் மணிக்கணக்கே பொருந்தும். சும்மா நின்று ஓடும் நேரம் அதிகம் என்றால் எரிந்த டீசலையும் எழுதிவையுங்கள். புகைக்கரி டீசலிலிருந்துதான் வருகிறது. ஒப்பிட வேண்டுமானால் ஒரே வண்டி, ஒரே வேலை, ஒரு ஆயிலுக்குப் பின் இன்னொன்று. முதல் மாற்றத்தை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும்.

கறுத்துவிட்டது என்று பயப்படுவது

கரியைப் படியவிடாமல் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. அது கறுப்பதில் தப்பில்லை. பழைய இன்ஜினில் நல்ல ஆயில் ஊற்றினால், ஏற்கெனவே படிந்த அழுக்கையும் கழுவுவதால் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

விரலில் தேய்த்துப் பார்ப்பது

வேண்டாம். சூடான ஆயிலை வடிக்கும்போது நடு ஓட்டத்தில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள்.

டாப்-அப் கணக்கை எழுதாமல் விடுவது

ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு அடிக்கடி புது ஆயில் சேருகிறது. அதன் சாம்பிள் நன்றாகத்தான் தெரியும். குடிக்காத வண்டியோடு அதை ஒப்பிட்டால் முடிவு தப்பாகும்.

டிபிஎஃப் உள்ள பிஎஸ்6 வண்டிக்கு சிஐ-4

ஊற்றாதீர்கள். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், பிஎஸ்6 என்பது புகைக் கட்டுப்பாட்டு விதி, சிஐ-4, சிகே-4 என்பவை டீசல் ஆயிலின் தர வகைகள். 2020-க்குப் பின் வந்த வண்டியின் கையேடு சிகே-4 கேட்டால் சிகே-4தான். அதில் சல்ஃபேட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் மிஞ்சுவது) 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. சாம்பல் மிகுந்த ஆயில் டிபிஎஃப்பை அடைத்துவிடும். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது.

தூசியின் பழியை ஆயில் மேல் போடுவது

லேப் ரிப்போர்ட்டில் சிலிக்கான் (மண் தூசியின் அடையாளம்) ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர், அதன் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். மண் உள்ளே போகும் இன்ஜினில் விலை உயர்ந்த ஆயிலும் தேய்மானத்தை நிறுத்தாது. லெவல் குறையாமல் ஏறுகிறதா? டீசலோ கூலண்டோ கலக்கிறது. அந்த வண்டியை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், முதலில் கசிவைப் பாருங்கள்.