ஆஸ்திரேலியாவின் சைலோ ஓவியங்களைப் பார்க்கப் போவது எப்படி? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நம்ம பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் மகனோ மகளோ மெல்பர்னில் இருக்கும் வீடுகள் இப்போது நிறைய. பெற்றோர் போனால் கடற்கரை, பூங்கா, கோவில் என்று சுற்றிக் காட்டுகிறார்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது அங்கே விக்டோரியா மாநிலத்தின் விம்மெரா, மாலி பகுதிகளில், கோதுமை சேமிக்கும் உயரமான உருளைக் கட்டடங்களான சைலோக்களில் வரைந்திருக்கும் ஓவியங்கள் என்பேன். ஆள் உயரமல்ல, பல மாடி உயரம். டிக்கெட் கிடையாது, சாலையோரமாக நின்றே பார்க்கலாம்.

விசா, விமான டிக்கெட்டெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தாண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ்

பஸ்ஸை நம்பி இந்த ஊர்களைச் சுற்ற முடியாது, கார் வேண்டும். அங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான், அதனால் பயமில்லை. சுற்றுலாவாக வருகிறவர் ஆங்கிலத்தில் உள்ள சொந்த ஊர் லைசென்ஸை வைத்தே விக்டோரியாவில் ஓட்டலாம். ஆனாலும் வாடகைக் கார் கம்பெனிகள் ஐடிபி எனும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கேட்பதுண்டு. கையில் இருப்பது நல்லது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 4ஏ போட்டு, கட்டணம் கட்டி, நம் ஆர்டிஓ ஆபீசிலேயே வாங்கலாம். ஒரு வருடம் செல்லும்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இனிஷியலில். லைசென்ஸில் 'கே. செல்வராஜ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'செல்வராஜ் குப்புசாமி' என்று போட்டிருப்பார்கள். கிரெடிட் கார்டில் 'செல்வராஜ் கே' என்று வரும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். மெல்பர்ன் வாடகைக் கார் கவுண்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்ற பழக்கமே தெரியாது, மூன்று பேர் என்றுதான் நினைப்பார். கேரள-தமிழ்நாடு எல்லைக்காரர்களான நமக்குக் கூடுதலாக ஒன்று: லைசென்ஸ் சித்தூரில் எடுத்தது, பாஸ்போர்ட் முகவரி பொள்ளாச்சி என்று இருக்கும். அதனால் ஐடிபிக்குப் போடுவதற்கு முன்பே மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் லைசென்ஸைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள், அதுதான் சுலபம். பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு வேலைக்குத்தான்.

மகனுடைய சொந்தக் காரையே ஓட்டுவதானால், இன்சூரன்ஸ் உங்களுக்கும் பொருந்துமா என்று அவரை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செருப்பைக் கழுவுங்கள்

விமானத்தில் தரும் அட்டையில் கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை பக்கம் போனீர்களா என்று கேட்பார்கள். நாம் தினமும் வயலில் இருக்கிறவர்கள். 'ஆம்' என்றே போடுங்கள். செருப்பு, ஷூ எல்லாவற்றையும் மண் போகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து எடுத்துப்போங்கள். விதை, ஊறுகாய், பால் இனிப்பு எது இருந்தாலும் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம்.

வழி

முதலில் வந்த ஆறு ஓவியங்கள் சுமார் 200 கிலோமீட்டர் நீள வழியில் இருக்கின்றன: ரூபன்யப், ஷீப் ஹில்ஸ், பிரிம், ரோஸ்பெரி, லாசெல்ஸ், பேட்சிவொலாக். மெல்பர்னிலிருந்து பாலரட், அராரட், ஸ்டாவெல் வழியாகப் போனால் ரூபன்யப் வரை மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாரக்னபீலில் ஓர் இரவு தங்குங்கள். அந்தி நேரத்தில் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும், இருட்டும் முன் அறைக்குப் போய்விட வேண்டும்.

அந்தப் பக்கம் போகும்போது மர்டோவா ஊரில் ஸ்டிக் ஷெட் என்ற தானியக் கொட்டகையையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது தேங்கிய கோதுமையைக் கொட்டிவைக்க 1941-42இல் கட்டியது. அறுக்காத மரத் தூண்கள் மட்டும் 560. நெல் கொள்முதல் தாமதமாகி, மூட்டையை எங்கே அடுக்குவது என்று தவித்தவர்களுக்கு அந்தக் கொட்டகை சட்டென்று புரியும்.

மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிம் கார்டு டெல்ஸ்ட்ராவே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் உட்பகுதியில் சிக்னல் அதில்தான் நன்றாகக் கிடைக்கும்.

வெயில் எந்தப் பக்கம்?

அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வருடத்தின் பெரும்பகுதி தெற்கு வெயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திசையைக் குழப்பிவிடும். கிழக்குப் பார்த்த சுவருக்குக் காலையும் மேற்குப் பார்த்த சுவருக்குப் பிற்பகலும் நல்லது. தெற்குப் பார்த்த சுவர் நடுப்பகலில் நிழலில் கிடக்கும், வெளிச்சம் நேரே கேமராவில் அடிக்கும். துண்டறிக்கைகளைவிட நான் நம்புவது கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவை. ஓவியம் எந்தத் திசை பார்க்கிறது என்று முந்தின இரவே அதில் பார்த்துவிடலாம்.

எப்படிப் பார்ப்பது

பிரிமில் கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் 2016இல் வரைந்து முடித்த நான்கு விவசாயிகளிடம் அதிக நேரம் நில்லுங்கள். விக்டோரியாவின் சைலோ ஓவியங்களில் அதுதான் முதலாவது. சைலோக்கள் 1939இல் கட்டியவை. முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்: மூன்று ஆண்கள், ஒரு பெண், கான்கிரீட்டிலிருந்தே எழுந்து வந்ததுபோல மங்கலாகத் தெரிவார்கள். அப்புறம் வேலி வரைக்கும் போங்கள். முகம் காணாமல் போய், உருளைச் சுவரின் வளைவும் கான்கிரீட் ஊற்றிய தழும்பும் பெயிண்ட் தீற்றலும் மட்டும் இருக்கும். இவ்வளவு பெரிய முகத்தை ஒரு மனிதர் இத்தனை கிட்டத்தில் நின்று வரைந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

லாசெல்ஸில் ரோன் என்ற ஓவியர், சுவரோடு கலந்துபோக வேண்டும் என்று பெயிண்டில் தண்ணீர் சேர்த்து வரைந்திருக்கிறார். பேட்சிவொலாக்கில் ஃபின்டன் மகீ வரைந்த விவசாயி, வெளுத்த நீலச் சட்டையோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறார். மதியம் வயலில் நிற்கும் எவரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஷீப் ஹில்ஸில் அட்னேட் என்ற ஓவியர் தீட்டியது இரவு வானத்தின் முன்னே பூர்வகுடி மூத்தோர் இருவரும் குழந்தைகள் இருவரும். அந்த மண் முதலில் யாருடையது என்பதை அங்கே சத்தமில்லாமல் நின்று நினைத்துப் பாருங்கள்.

வேலியைத் தாண்டவோ தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவோ வேண்டாம். நவம்பர், டிசம்பர் அறுவடைக் காலத்தில் பெரிய லாரிகள் ஓடும், காரை ஓரமாக நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை

வேலந்தாவளத்து அக்கா ஒருவர், முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம் அக்கா, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சின்ன ஊர்களில் சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். கோடையில் போனால் முகத்தில் ஈ மொய்க்கும். தொப்பியோடு போடும் வலை மலிவாகக் கிடைக்கிறது, மெல்பர்னிலேயே ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள்.