கல்லறைக் கல்லிலிருந்து குலநூல் வரை: சீன மூதாதையரைத் தேடும் வழி

என் மனைவியின் பூட்டனார் சீனாவின் தைஷானிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அவருக்கு முந்தைய தலைமுறைகளைத் தேடியபோது எனக்குக் கைகொடுத்த வழி இது. வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, பழைய கடிதங்களையும் படங்களையும் திரட்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கல்லறைக்குப் போங்கள்

குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடாதீர்கள். டான், சான், சின் மூன்றும் ஒரே சீன எழுத்தாக இருக்கக்கூடும். ஹொக்கியன், கேன்டனீஸ், ஹக்கா என்ற சீனப் பேச்சு வழக்குகளில் உச்சரிப்புதான் வேறு. கல்லில் அசல் எழுத்து இருக்கும், பெரும்பாலும் சொந்த மாவட்டமும் இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கல் கெட்டுவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

2. மாவட்டத்தின் பழைய பெயர்

1914 வரை தைஷானின் பெயர் சின்னிங். சியாங்ஷான் மாவட்டம், சீனத் தலைவர் சன் யாட்-சென் மறைந்த 1925-இல், ஜோங்ஷான் என்ற அவருடைய இன்னொரு பெயரைப் பெற்றது. இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

3. குலநூல்

ஒரு குலத்தின் தலைமுறைகளை வரிசையாக எழுதிவைத்த, ஜியாபு எனப்படும் குலநூல்கள் ஷாங்காய் நூலகத்தில் ஏராளமாக உள்ளன. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஃபேமிலிசர்ச் தளம்தான்; இலவசம், பல நூல்களின் பக்கங்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். ஆளின் பெயரைப் போடாமல், குடும்பப் பெயரையும் மாவட்டத்தையும் போடுங்கள். ஆண்களுக்குத் திருமணத்தின்போது வேறு பெயர் சூட்டும் வழக்கம் இருந்ததால், கப்பலேறிய பெயர் நூலில் இல்லாமல் போகலாம். அண்ணன் தம்பி, பங்காளிகள் பெயர்களில் பொதுவாக வரும் தலைமுறை எழுத்தை வைத்துப் பிடியுங்கள்.

நூலில் ஆண்டுகள் பேரரசரின் ஆட்சியாண்டாக எழுதப்பட்டிருக்கும்; அதை ஆங்கில ஆண்டாக மாற்றுவது எளிது. அரசரின் முதல் ஆண்டோடு எண்ணைக் கூட்டி 1-ஐக் கழிக்க வேண்டும். குவாங்சு பேரரசரின் முதல் ஆண்டு 1875 என்பதால், குவாங்சு 20 என்றால் 1894. சந்திர ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் பிறந்தவருக்கு மட்டும் அடுத்த ஆங்கில ஆண்டாக இருக்கலாம்.

4. முதலில் குடியேறியவர்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. தைஷான் உள்ள தென் சீன மாகாணமான குவாங்தோங்கின் குலநூல்கள் பலவும் நான்சியோங்கில் உள்ள ஜூஜி சந்திலிருந்து வந்ததாகச் சொல்லும். பேரரசரின் அந்தப்புரப் பெண் ஒருத்தி தப்பி வந்து அங்கே ஒளிந்தாள். அரசு தண்டிக்கும் என்று பயந்து 1273-இல் லுவோ குய் என்பவர் தலைமையில் 33 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 97 வீட்டார் தெற்கே போனார்கள் என்பது கதை. வடக்கிலிருந்து மக்கள் அவ்வழியே வந்தது உண்மைதான். ஜாங் ஜியுலிங் என்ற அதிகாரி 716-இல் சீரமைத்த மலைப்பாதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இத்தனை குலங்களும் ஒரே சந்திலிருந்து வந்திருக்க முடியாது.

கதையில் அதிகாரிகளிடம் பயண அனுமதி வாங்கும் பகுதியைக் கவனியுங்கள். மிங் அரசு 1381-இல் குடும்பப் பதிவை நாடெங்கும் கொண்டுவந்தது. பதிவு இருந்தால் வரி உண்டு, நிலத்தின் மேல் உரிமை கோரவும் வழி உண்டு. முறைப்படி வந்து குடியேறியவர்கள் நாங்கள் என்று காட்ட இந்தக் கதை உதவியது என்பது வரலாற்றாய்வாளர் சிலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வட சீனத்தில் ஹோங்தோங் என்ற ஊரின் மரத்தடியையும், சிச்சுவானில் மாசெங் என்ற ஊரையும் முன்னோர் புறப்பட்ட இடமாக இப்படித்தான் சொல்வார்கள்.

ஆகவே, உங்கள் கிராமத்துக்கு முதலில் வந்தவரின் பெயருக்கு அடியில் கோடு போடுங்கள். அவருக்குக் கீழே உள்ளவர்களைக் கல்லறை, நிலப்பத்திரம் கொண்டு சரிபார்க்கலாம். மேலே உள்ளவர்களைத் தனித்தாளில், பென்சிலால் எழுதுங்கள். வம்சாவளி மென்பொருள்கள் இரண்டையும் ஒரே கோட்டில் கோத்துவிடுகின்றன. அதனால் எனக்கு இன்னும் தாள்தான் பிடித்திருக்கிறது.

பின்சேர்க்கை

ஹக்கா குடும்பத்து வாசகர் ஒருவர், தங்கள் நூல் காங்சி பேரரசர் காலத்தில் திடீரென்று தொடங்குவது ஏன் என்று கேட்டிருந்தார். ஊர் சின்ஆன், இன்றைய ஷென்ஜென், ஹாங்காங் பகுதி. தன்னைக் கடலிலிருந்து எதிர்த்த ஜெங் செங்கோங் தரப்புக்கு உணவும் ஆளும் போகாமல் தடுக்க, 1661-இல் சிங் அரசு கடலோர மக்களை உள்நாட்டுக்கு விரட்டியது. 1669-இல் திரும்ப விட்டபோது பலர் உயிரோடில்லை. தரிசாகக் கிடந்த நிலத்தில் உள்நாட்டு விவசாயிகள் வந்து குடியேறினார்கள், அவர்களில் ஹக்காக்கள் நிறைய. இப்படிப்பட்ட நூல் கிடைத்தால், முதலில் குடியேறியவர் எந்த மாவட்டத்திலிருந்து வந்தார் என்ற வரியைக் கண்டுபிடித்து, அந்த மாவட்டத்துக் குலநூலில் அவர் பெயரைத் தேடுங்கள்.