மீன் தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் சேர்ப்பது எப்படி?

வலை போட்டு இழுப்பது, குளம் மாற்றுவது, நெரிசல், ஆக்சிஜன் குறைவு என எது வந்தாலும் மீனுக்கு ஸ்ட்ரெஸ்தான். அப்போது அதன் உடம்பில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும். அது நாள்கணக்கில் இறங்காமல் இருந்தால் நோய் எதிர்ப்பு சக்தி சரியும். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருப்பவை. மீன் தளர்ந்த நேரம் பார்த்துத்தான் அவை புண்ணாகவும் வயிற்று வீக்கமாகவும் வெளிப்படும். பூண்டு, மஞ்சள் சேர்த்த மூலிகைத் தீவனத்தின் வேலை அதற்கு முன்னால் நடக்க வேண்டியது. நோய் முற்றிய மீன் தீவனத்தைத் தொடாது, அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்?

முதல் முறை செய்பவர்கள் பூண்டு, மஞ்சள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேப்பிலை நல்லது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அளவு மீறினால் வேம்பு மீனுக்கே நஞ்சு. அதனால் புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

முதலில் கணக்கு

சில மீன்களைப் பிடித்து எடை போட்டுச் சராசரி எடுங்கள். 100 கிராம் சராசரியில் 500 மீன் இருந்தால் மொத்தம் 50 கிலோ. உடல் எடையில் 3 சதவீதம் தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 1.5 கிலோ. கிலோ தீவனத்துக்குப் பூண்டு 10 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம் என்று தொடங்கலாம். இந்தக் கணக்கில் தினமும் 15 கிராம் பூண்டும் 7.5 கிராம் மஞ்சளும் வரும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்று நினைக்காதீர்கள். வாடை தூக்கினால் மீன் தீவனத்தை வாயில் வாங்கித் துப்பிவிடும்.

பூண்டு

தோலுரித்து நன்றாக நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பாக்டீரியாவை எதிர்க்கும் அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் கிடையாது. நசுக்கிய பிறகுதான் பூண்டில் உள்ள நொதி அதை உருவாக்கும். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும், அதனால் வேகவைக்கக் கூடாது. மரவள்ளி மாவில் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சி முழுதாக ஆறவிட்டு, அதில் இந்த விழுதைக் கரைத்து வடிகட்டுங்கள். கிலோ தீவனத்துக்கு 50 மில்லி கஞ்சி போதும். அகலமான தட்டில் தீவனத்தைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையால் புரட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் மிதவைத் தீவனம் ஊறி மூழ்கத் தொடங்கும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம்.

மஞ்சள்

மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் தூளை மீன் எண்ணெயிலோ வேறு சமையல் எண்ணெயிலோ (கிலோவுக்கு 20 மில்லி) குழைத்து, உலர்ந்த தீவனத்தின் மேல் கடைசிப் பூச்சாகப் புரட்டுங்கள். உள்ளே இருக்கும் பூண்டு தண்ணீரில் கரைந்து போகாமலும் இந்த எண்ணெய் காக்கும்.

பூச்சு பிடித்ததா என்று பார்க்காமல் குளத்துக்குப் போகாதீர்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நாலைந்து குருணைகளைப் போடுங்கள். போட்டவுடன் தண்ணீர் மஞ்சளாகிக் கலங்கினால் பூச்சு ஒட்டவில்லை. அந்தத் தீவனத்தைப் போட்டால் மூலிகை குளத்துத் தண்ணீருக்குத்தான் போகும், மீனுக்கு இல்லை. நன்றாகப் பிடித்திருந்தால் சில நிமிடங்கள் தண்ணீர் தெளிவாகவே நிற்கும்.

இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் தயாரித்து, மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் தங்கிய தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் நஞ்சு மீனின் கல்லீரலைக் கெடுக்கும். பூசண வாடை லேசாக வந்தாலும் கொட்டிவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும் சரி.

எப்போது, எத்தனை நாள்?

குளம் மாற்றுவதற்கோ பருவம் மாறுவதற்கோ இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வலை போடுவதற்கு முந்தைய நாள் மட்டும் எந்தத் தீவனமும் வேண்டாம். வேலை முடிந்து மீன் பழையபடி தின்னத் தொடங்கியதும் இன்னும் ஒரு வாரம் கொடுத்து, சாதாரணத் தீவனத்துக்குத் திரும்பலாம். ஆண்டு முழுக்க இடைவிடாமல் கொடுப்பதைவிட இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதல் சில நாள் வழக்கமான தீவனத்தோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டுப் பழக்குங்கள். விடிந்தவுடன் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், வெயில் ஏறிய பிறகு போடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தீவனம் மிதந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் எந்தத் தீவனத்தையும் போடாமல், உடனே காற்றூட்டியை ஓடவிட்டுத் தண்ணீரின் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் பாருங்கள்.