காக்கா ஆழியும் காக்காவும்: உயிரினத் தகவலை உலகத்தோடு பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, தண்ணீர் வடிந்த நேரத்தில் கொசஸ்தலை ஆற்றில் இறங்கினால் முன்பெல்லாம் கால் சேற்றில் புதையும். இப்போது பல இடங்களில் ஓடு குத்துகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் பெரியவர் ஒருவர் ஒரு கொத்தை அள்ளிக் காட்டினார். கரும்பழுப்பு நிறச் சின்னச் சின்ன ஆழிகள், அதாவது இரட்டை ஓட்டுச் சிப்பிகள், நார் நாராக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இடுக்கெல்லாம் சேறு. "காக்கா ஆழி தம்பி இது. இது படிஞ்ச எடத்துல இறாலு எங்க போய்ப் பொதையும்?" என்றார்.

படம் எடுத்து அன்றிரவே, பார்த்த உயிரினங்களை யாரும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினேன், 'பச்சை ஆழி' என்ற பெயரில். இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஒருவர் திருத்தினார்: மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. பெரியவர் சரியாகத்தான் சொன்னார், தப்பு என்னுடையது. அவர் சொன்ன பெயரைக் குறிப்பில்கூட நான் எழுதவில்லை. முதல் தவறு இதுதான். நமக்குத் தெரிந்த ஓர் இனத்தின் பெயரை அவசரத்தில் ஒட்டிவிடுவதும், ஊர்க்காரர் சொன்ன பெயரை விட்டுவிடுவதும். ஐயம் இருந்தால் 'ஆழிக் குடும்பம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் மேலே கொண்டுபோவார்கள். ஊர்ப் பெயரைக் குறிப்பில் அப்படியே எழுதுங்கள்.

இதே ஆழிக்கு அறிவியல் பெயரிலும் ஒரு சிக்கல். பழைய கட்டுரைகளில் மைடெல்லா சாருவானா, இன்று ஏற்கப்படும் பெயர் ஸ்ட்ரிகேட்டா. ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதி வரலாறு கைக்கு வராது. அந்த வரலாற்றைப் பாருங்கள்: அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகளில் பிறந்தது, 1986இல் ஃப்ளோரிடா, 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், பிறகு கேரளக் காயல்கள். கப்பல்கள் சாயாமல் நிற்பதற்காக வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரிலும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இப்படிப்பட்டவை ஊர் மாறுகின்றன. அந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இருப்பவை துறைமுகங்கள். சிங்கப்பூரின் பதிவு நம் கண்ணில் பட்டிருந்தால் அடுத்தது யார் வாசல் என்று யோசித்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நான் தப்பாக எழுதின நம்ம பச்சை ஆழியே 1999இல் ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் வேண்டாத விருந்தாளியாகப் போய் இறங்கியது. அங்கிருப்பவர்களுக்கு நம் கரையின் பதிவுகள் தேவை: எந்த உப்பளவில் வாழும், எந்த மாதத்தில் இனப்பெருக்கம் செய்யும், எது அதைத் தின்னும். சாதாரணமானதைப் பதியாமல் விடுவது தவறு என்பது இதனால்தான். ராயபுரத்துக் காக்காவை யார் படம் எடுப்பார்கள்? எல்லோருக்கும் பூநாரைதான் வேண்டும். அதே காக்கா கப்பலேறிப் போய்க் கென்யாவின் மொம்பாசாவில் உள்ளூர்ப் பறவைகளின் கூட்டைக் கலைக்கிறது. பறவைகளைப் பதியும் இபேர்டு தளத்தில் எழுதும்போது பார்த்த எல்லாப் பறவையையும் எழுதி 'முழுப் பட்டியல்' என்று குறியுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை உண்மையிலேயே தென்படவில்லை என்று இன்னொரு நாட்டில் இருப்பவர் நம்ப முடியும்.

இந்தப் பதிவுகள் போய்ச் சேரும் பெரிய ஏரி ஜிபிஃப் (GBIF) என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் தொகுப்பு. 2001இல் தொடங்கியது, அலுவலகம் கோபன்ஹேகனில். அருங்காட்சியகங்கள், இபேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் அதில்தான் கலக்கின்றன. ஆனால் நம் பதிவு அங்கே போகாமல் வாசலிலேயே நின்றுவிட ஒரு சின்னக் கட்டம் போதும்: உரிமம். ஐநேச்சுரலிஸ்டில் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று வைத்திருந்தால் ஜிபிஃப் எடுத்துக்கொள்ளாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமங்களில் மூன்றை மட்டும் ஏற்கிறது: முழுக்க விட்டுக்கொடுப்பது, பெயர் சொன்னால் போதும் என்பது, பெயர் சொல்லி வணிகமில்லாமல் பயன்படுத்தலாம் என்பது. நண்பர் ஒருவர் மூன்று வருடம் பழவேற்காட்டுப் பறவைகளை ஏற்றிவிட்டு, ஒன்றுகூட உலக வரைபடத்தில் வரவில்லையே என்று நொந்துகொண்டார். அந்தக் கட்டத்தை மாற்ற ஒரு நிமிடம் ஆனது.

இடமும் தேதியும் இன்னும் மோசம். எண்ணூர் ஏறத்தாழ 13.2 வடக்கு, 80.3 கிழக்கு. எக்செலில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் நம் ஆழி வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே பனிக்கடலில் போய் மிதக்கும். காலியான கட்டத்தைப் பூச்சியம் என்று நிரப்பினால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. 2024-04-03 என்று ஆண்டை முன்னால் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

பழைய பதிவுகளை எடுத்துக் கையாளுகிறவர்கள் விழும் பள்ளம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ராஸில் வேலை பார்த்த மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே சேர்த்த மீன்கள் லண்டன், சிட்னி என்று பல ஊர்களில் பாட்டிலுக்குள் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சீட்டில் வெறும் 'மெட்ராஸ்' என்றிருந்தால், அது காசிமேடாகவும் இருக்கலாம், இன்றைய ஒடிசாவின் கஞ்சத்திலிருந்து மலபார் வரை நீண்ட மாகாணமாகவும் இருக்கலாம். கணினியோ நகரத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிடும். புள்ளியைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் எத்தனை கிலோமீட்டர் தவறலாம் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்.

எல்லாவற்றையும் துல்லியமாகக் காட்டுவதும் தவறுதான். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியின் கூகுள் மேப் இணைப்பை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அச்சுறுத்தலில் உள்ள பல இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கி, சுமார் 22 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி வைக்கிறது. ஸ்டேட்டஸ் அந்தக் காவலை ஒரு நொடியில் உடைத்துவிடும். செத்து ஒதுங்கிய ஆமைகளுக்கு வேறு கணக்கு: காலையில் நடக்க வருகிற மூன்று பேர் ஒரே ஆமையைப் பதிந்தால் மூன்றாகிவிடும். கணக்கெடுக்கிற குழுவினர் வைத்த பெயிண்ட் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் பற்றி இரண்டு தரப்பும் தப்பாகப் பேசுகிறது. 'வெளிநாட்டுக்காரனுக்கு எதையும் காட்டாதே' என்பவரும் சரியில்லை, 'அறிவியல்தானே' என்று ஓடுகளைக் கூரியரில் அனுப்புகிறவரும் சரியில்லை. படமும் பார்த்த குறிப்பும் வேறு, சதைத்துண்டும் டிஎன்ஏவும் வேறு. இந்திய உயிரிவளத்தை வெளிநாட்டவர் ஆய்வுக்காகப் பெற 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுப் போய்க் கேட்டுவிட்டு வந்தால் ஆயிற்று.

மீனவர் சொன்ன அறிவை அவரைக் கேட்காமல் பொதுவில் வைப்பது எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய தப்பாகப் படுகிறது. எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த மாதம் எது கிடைக்கும் என்பது அவர்கள் சோறு. 2022இல் மாண்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர்த் திட்டத்தின் 21ஆம் இலக்கு தகவலை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்கிறது. பாரம்பரிய அறிவுக்கு மட்டும் உரியவர்களின் சம்மதம் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

போன தகவல் திரும்பி வரவும் வேண்டும். எங்கள் பதிவுகளையெல்லாம் சேர்த்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, இடங்களைத் தமிழில் எழுதிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். புள்ளியே இல்லாத இரண்டு இடத்தில் விரலை வைத்தார். "இங்கயும் கீது, தோ இங்கயும் கீது. நீ வரல, அதான் ஒனக்குத் தெரில."

வருகிற ஞாயிறு, தண்ணீர் வடிகிற நேரம் பார்த்து அவரோடு அங்கே போகிறேன். படகில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.